மணலுக்குள் இறங்கிய ஜெக்

மணற்காட்டுக்குப் போன கதையை நாங்கள் பலருக்குச் சொல்லியிருக்கிறம். ஆனால் எப்பவும் பாதியோட நிப்பாட்டிப்போடுவம். முதல் பாதி சிரிக்கக்கூடியது. மற்றப் பாதி அப்படியில்லை. இந்தக் கட்டுரையில இரண்டையும் எழுதப்போறம். ஏனெண்டால் அந்தக் கதைக்குள்ள ஒரு சின்னக் கருவியின் நீண்ட வரலாறு இருக்கு.

நாங்கள் ஆறு பேர். தெரிஞ்ச ஒருவரிட்ட இரவல் வாங்கின பழைய நீளமான ஜீப். பின்னால எதிர் எதிரா இரண்டு வாங்கு. மணலுக்குள்ள புதைஞ்சு கிடக்கிற பழைய தேவாலயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பேக்க, பின்சில்லு ஒன்று அச்சு முட்ட இறங்கிட்டுது. போத்தல் ஜெக்கை எடுத்து அச்சுக்குக் கீழே வைச்சு அடிச்சம். கைபிடி மேலும் கீழும் போகுது, ஜெக் நீளுது, ஆனால் ஜீப் அசையவே இல்லை. கொஞ்ச நேரத்தால பார்த்தால் ஜெக்கின் அடிப்பக்கம் மணலுக்குள்ள காணாமல் போயிருந்தது.

அந்த வழியால வந்த ஒரு கடற்தொழிலாளி ஐயா நிண்டு பார்த்தார். "தம்பியவை, நீங்கள் வாகனத்தைத் தூக்கேல்ல. ஜெக்கைத் தாக்கிறியள்" எண்டார். போய் ஒரு தடிச்ச பலகைத் துண்டு கொண்டுவந்து தந்தார். மணலைக் கொஞ்சம் மட்டப்படுத்தி, பலகையை வைச்சு, அதுக்கு மேல ஜெக்கை வைச்சம். பத்து நிமிசத்தில சில்லு வெளியால வந்துட்டுது. சிரிச்சுச் சிரிச்சு வெளிக்கிட்டம்.

இதுதான் முதல் பாதி. மற்றப் பாதிக்குப் பிறகு வருவம். அதுக்கு முதல், அந்த ஐயா சொன்னதை மனிதர் எத்தனை நூற்றாண்டாய்ப் படிச்சு வந்திருக்கினம் எண்டு பார்ப்பம்.

வண்டிக்காரரின் பெட்டி

ஜெக் மோட்டார் வாகனத்தோட பிறந்தது இல்லை. அது வண்டியைவிடவும் கட்டடத்துக்கே முதலில் வேலை செய்தது. 13ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த வில்லார் த ஒன்னெக்கூர் என்பவரின் வரைபுக் குறிப்பேட்டில், திருகாணியைச் சுற்றிப் பாரம் தூக்கும் ஒரு பொறியின் படம் இருக்கிறது. பெரிய தேவாலயங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. மரமும் கல்லும் தூக்கவேண்டிய தேவை இருந்தது. 15ஆம் நூற்றாண்டின் முடிவில் லியனார்டோ டா வின்சியும் பற்சக்கரமும் பற்சட்டமும் கொண்டு பாரம் உயர்த்தும் பொறியை வரைந்திருக்கிறார்.

அந்தப் பற்சட்டம் பிறகு வண்டிக்காரரின் கைக்கு வந்தது. மரச்சில்லு வண்டிக்கு அடிக்கடி அச்சில் மசகு போடவேணும். இல்லாவிட்டால் மரமும் இரும்பும் உராய்ந்து தேயும். மசகு போடச் சில்லைக் கழற்றவேணும். கழற்ற வண்டியைத் தூக்கவேணும். 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஓடிய கொனெஸ்டோகா வண்டிகள் தொன் கணக்கில் பாரம் ஏற்றின. குதிரைகள் இழுத்த அந்த வண்டிகள் ஒவ்வொன்றோடும் ஒரு ஜெக் போனது. மரத்தால் செய்த உடல், உள்ளே இரும்புப் பற்சட்டம், பக்கத்தில் ஒரு கைபிடி. இப்போது அருங்காட்சியகங்களில் இருக்கும் அந்த ஜெக்குகள் பலவற்றில் ஆண்டும் சொந்தக்காரரின் பெயரெழுத்துக்களும் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒரு கருவியில் பெயர் வெட்டுகிறவர் அதைத் தூக்கி ஒரு மூலையில் எறிகிறவராக இருக்கமாட்டார்.

அந்த வண்டிகளில் இன்னொன்றையும் கவனிக்கலாம். பக்கவாட்டில் கருவிகளுக்கென்று ஒரு பெட்டி பூட்டப்பட்டிருக்கும். மசகுத் தார்ப் பானை பின்னால் தொங்கும். பாதையில் பழுது வரும் என்பது வண்டி செய்கிறபோதே தெரிந்த விடயம். அதனால் பழுது பார்க்கும் சாமானுக்கு இடமும் வண்டியோடு சேர்த்தே செய்யப்பட்டது.

தண்ணீர் தூக்கிய பாரம்

அடுத்த பெரிய மாற்றம் தண்ணீரால் வந்தது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் அதே அளவாய்ப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் விளக்கினார். ஓ/எல் விஞ்ஞானத்தில் நாங்கள் எல்லாரும் படித்ததுதான். சின்ன முசலத்தைக் கொஞ்சப் பலத்தால் நீண்ட தூரம் அமுக்கினால், பெரிய முசலம் பெரும் பலத்தோடு கொஞ்சத் தூரம் எழும்பும். இதை வைத்து 1795இல் இங்கிலாந்தில் யோசேப் பிராமா நீரழுத்தப் பொறிக்குக் காப்புரிமை எடுத்தார். 1851இல் நியூயோர்க்கில், ஸ்கொட்லாந்தில் பிறந்த ரிச்சர்ட் டட்ஜன், கொண்டுதிரியக்கூடிய நீரழுத்த ஜெக்குக்குக் காப்புரிமை பெற்றார். எங்கட ஜீப்பில் கிடந்த போத்தல் ஜெக்கின் நேரடி மூதாதை அதுதான்.

இந்த ஜெக்கின் பலத்தை உலகம் பார்த்தது தேம்ஸ் ஆற்றங்கரையில். பொறியியலாளர் புருனெல் கட்டிய 'கிரேட் ஈஸ்டர்ன்' அந்தக் காலத்தின் மிகப்பெரிய கப்பல். 1857 நவம்பர் 3ஆம் திகதி அதைப் பக்கவாட்டாகத் தண்ணீருக்குள் தள்ளப் பார்த்தார்கள். கொஞ்சம் அசைந்து நின்றுவிட்டது. பிறகு பேர்மிங்காம் டாங்கி சகோதரர்களின் நீரழுத்த ஜெக்குகளும் வேறு அழுத்தப் பொறிகளும் கொண்டுவரப்பட்டன. வாரக்கணக்காய்க் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, 1858 சனவரி 31ஆம் திகதிதான் அது மிதந்தது.

போத்தல் ஜெக்கின் பலமும் பலவீனமும் இந்தக் கதைக்குள்ளேயே இருக்கு. சின்ன உடம்பு, பெரிய பலம். ஆனால் அது ஒன்றைத் தள்ள, அதுக்குப் பின்னால் அசையாத ஒன்று வேணும். தேம்ஸ் கரையில் அதற்கென்று உறுதியான முட்டுக்கள் கட்டினார்கள். கராஜில் சீமெந்துத் தரை அந்த வேலையைச் செய்யும். மணற்காட்டில அதைச் செய்ய ஒன்றுமே இருக்கேல்ல. நாங்கள் அடிச்ச பலமெல்லாம் மணலைத்தான் தள்ளினது.

வேலி பிடுங்கிய கருவி

மூன்றாவது கதை ஒரு கமக்காரக் கதை. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் புளூம்ஃபீல்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஹரா குடும்பத்தின் பட்டறையில் உருவான கருவிதான் 1905இலிருந்து வந்துகொண்டிருக்கும் ஹை-லிஃப்ற் ஜெக். காட்டுப்பாதை ஓடுகிறவர்களின் படங்களில் வாகனத்தின் பின்னாலோ மேலேயோ நீட்டுக்குத் தெரியுமே, துளை துளையாய் ஒரு இரும்புச் சட்டம், அதுதான். அது பிறந்தது பந்தய ஓட்டத்துக்காக இல்லை. தோட்டத்தில் வேலித் தூண் பிடுங்க, கம்பி இழுக்க, வண்டி தூக்க என்று ஒரே கருவி பல வேலை செய்தது.

அது வேலை செய்யும் விதத்தை எங்கட ஊர்க்காரருக்கு விளங்கப்படுத்துறது சுகம். பனையேறுறவர் தளநாரோட ஏறுறதை நினைச்சுப் பாருங்கோ. கை மரத்தை இறுக்கிப் பிடிக்கேக்க கால் மேல வரும். கால் இறுகினதும் கை மேல போகும். ஏதோ ஒன்று எப்பவும் மரத்தைப் பிடிச்சபடி இருக்கும். ஹை-லிஃப்ற்றின் உள்ளேயும் இரண்டு ஆணிகள் இருக்கு. ஒன்று சட்டத்தின் துளைக்குள் பாரத்தைத் தாங்கும்போது மற்றது அடுத்த துளைக்கு ஏறும். கைபிடியை ஒவ்வொரு முறை அமுக்க, பாரம் ஒரு துளை உயரும்.

இதனால் அது மற்ற ஜெக்குகளைவிட மிக உயரமாகத் தூக்கும். 48 அங்குல ஜெக்தான் பரவலாகப் பாவிக்கப்படுகிறது. நிறை கிட்டத்தட்ட 13 கிலோ. சேற்றில் புதைந்த வாகனத்தின் பம்பரையே பிடித்துத் தூக்கலாம். ஆனால் பனையில இருந்து விழுறதும் உண்டு. அந்த ஆணிகளுக்குள் சேறோ துருவோ ஏறினால் ஒன்று பிடிக்காமல் விடும். இறக்கும்போது பாரத்தில் இருக்கும் கைபிடியைக் கைவிட்டால், அது தானாக மேலெழும்பி அடிக்கும். அந்தப் பாதையில் முகம் இருந்தால் தாடை உடையும். இறக்கும் நிலையில் போதிய பாரம் இல்லாவிட்டால் படிப்படியாய் இறங்காமல் சரேலெண்டு விழும். உயரத் தூக்கத் தூக்க வாகனம் பக்கவாட்டில் சரியவும் பார்க்கும். கமக்காரன் தூண் பிடுங்கும்போது தூணுக்குக் கீழே படுத்திருக்கவில்லை. நாங்களும் ஹை-லிஃப்ற் தூக்கிய வாகனத்துக்குக் கீழே போகக்கூடாது. சொல்லப்போனால், எந்த ஜெக் தூக்கிய வாகனத்துக்குக் கீழேயும் போகக்கூடாது.

பாலைவனத்தில் ஒரு கணக்கு

இனி மணலுக்கு வருவம். 1920களின் பின்பகுதியில் கெய்ரோவில் இருந்த ரால்ஃப் பாக்னோல்ட் என்ற பிரித்தானியப் படை அதிகாரி, விடுமுறை நாட்களில் நண்பர்களோடு போர்ட் கார்களில் எகிப்திய, லிபியப் பாலைவனங்களுக்குள் ஓடத் தொடங்கினார். அந்த மணற்குன்றுகளுக்குள் கார் போகாது என்று பலர் நினைத்த காலம். கார்கள் புதைந்தன. அவர்கள் கெய்ரோவின் பழைய இரும்புக் கடையில், முதலாம் உலகப்போரில் பதுங்குகுழிக்குக் கூரை போடச் செய்யப்பட்ட உருக்குத் தகட்டு வாய்க்கால்களைக் கண்டுபிடித்தார்கள். புதைந்த சில்லுக்கு முன்னால் கொஞ்சம் தோண்டி, அந்தத் தகட்டைச் செருகி, அதன்மேல் காரை ஓட்டினார்கள். ரயர் காற்றையும் குறைத்தார்கள்.

1940இல் அதே பாக்னோல்ட் எகிப்தில் நீள்தூரப் பாலைவனப் படையணியை உருவாக்கினார். முதலில் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் நியூசிலாந்துக்காரர். அவர்கள் தொடக்கத்தில் ஓட்டிய செவ்ரோலே ட்ரக்குகள் நாலுசில்லு இழுவை உள்ளவை அல்ல. பின்சில்லு மட்டும் இழுக்கும் சாதாரண வகை. அவற்றின் பக்கங்களில் அந்த மணல் தகடுகள் பூட்டப்பட்டு, தேவைப்பட்ட கணத்தில் கழற்றக்கூடியதாய் இருந்தன. அந்தக் காலப் படங்களில் இப்போதும் பார்க்கலாம்.

பாக்னோல்டின் தகடும் மணற்காட்டு ஐயாவின் பலகையும் ஒரே கணக்கு. எங்கட போத்தல் ஜெக்கின் அடித்தட்டு ஒரு உள்ளங்கை அளவு, கிட்டத்தட்ட 100 சதுர சென்ரிமீற்றர் எண்டு வைப்பம். அதில 700 கிலோ பாரம் ஏறினால், ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் 7 கிலோ. காற்று நிரப்பிய ரயர் மணலை அழுத்துறது கிட்டத்தட்ட 2 கிலோதான். அந்த 2 கிலோவுக்கே சில்லு புதைஞ்ச இடத்தில, 7 கிலோவோட ஜெக் நிக்குமா? 30 சென்ரிமீற்றர் நீளமும் அகலமும் உள்ள தடிச்ச பலகையை வைச்சால் பரப்பு 900. அழுத்தம் 1 கிலோவுக்கும் குறைவு. பலகைக்குப் பலம் கூட்டத் தெரியாது, பாரத்தைப் பகிரத்தான் தெரியும். மணலுக்கு அதுவே போதும்.

எதை வாங்குறது?

இந்த வரலாற்றை வைச்சுக்கொண்டு கடைக்குப் போனால், "எது நல்ல ஜெக்?" எண்ட கேள்வியே மாறிடும். "எந்த நிலத்தில, எந்த வாகனத்தை, எந்த இடத்தில பிடிச்சுத் தூக்கப்போறம்?" எண்டுதான் கேக்கவேணும்.

முதலில் உயரம். காத்துப் போன ரயரோட வாகனம் பதிஞ்சு நிக்கேக்க ஜெக் உள்ளே போகவேணும். பிறகு காத்து நிரம்பின மாற்றுச் சில்லைப் பூட்டும் அளவுக்கு உயரவேணும். இரண்டையும் வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். பெரிய ரயர் மாட்டின வாகனத்துக்கு, கொம்பனி தந்த ஜெக் உயரம் காணாது. அப்போ சிலர் கல்லை அடுக்குவினம். கல் பிளந்தால் எல்லாம் முடிஞ்சுது.

இரண்டாவது பிடிக்கும் இடம். அச்சைத் தூக்கினால் சில்லு உடனே எழும்பும். சட்டகத்தைத் தூக்கினால் வில்லுத் தகடு நீண்டு, சில்லு கனநேரம் நிலத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். கூடுதலான உயரம் தேவை. ஹை-லிஃப்ற் பாவிக்கத் தட்டையான உருக்குப் பம்பரோ அதற்கென்ற துளையோ வேணும். இப்போ வாற வாகனங்களின் வளைஞ்ச பிளாஸ்ரிக் பம்பரில் அதை வைச்சால் பம்பர்தான் கையோட வரும்.

மூன்றாவது பாரம். பொருட்கள் ஏற்றிய இரட்டைக் கபின் பிக்கப் மூன்று தொன்வரை வரலாம். ஆனால் நாங்கள் ஒரு மூலையைத்தான் தூக்குறம். இரண்டு தொன் ஜெக் போதும். எங்கட அனுபவத்தில, காட்டுப்பாதைக்கு ஒரு நல்ல போத்தல் ஜெக்கும் தடிச்ச பலகையும் சில்லுக்கு வைக்க இரண்டு கட்டைகளும் முதலில வேணும். ஹை-லிஃப்ற் அதுக்குப் பிறகுதான், அதுவும் பழகினவருக்கு.

எங்கே வைக்கிறது?

இனி மற்றப் பாதி.

சில்லு வெளியால வந்த சந்தோசத்தில, மணல் ஒட்டின ஜெக்கை ஜீப்பின் பின்கதவடியில தரையில போட்டிட்டு ஏறினம். அதுக்கு ஜீப்பில ஒரு இடம் இருந்தது. இறுக்கிப் பூட்ட ஒரு பட்டியும் இருந்தது. இருட்டுப்படுது, யார் குனிஞ்சு பூட்டுறது? திரும்பி வரேக்க ஒரு மாடு குறுக்க வந்தது. ஓட்டினவர் பிரேக்கை அமத்தினார். நாங்கள் எதிலயும் மோதேல்ல, மாட்டுக்கும் ஒண்டும் ஆகேல்ல. ஆனால் ஜெக் தரையால வழுக்கி வந்து, வாங்கின் முன்பக்கத்தில இருந்த எங்கட தோழியின் கணுக்காலை இரும்புச் சுவரோட சேர்த்து அடிச்சது. எலும்பில வெடிப்பு. ஆறு கிழமை மாவுக்கட்டு. அந்தத் தவணைப் பரீட்சைக்கு அவள் ஊன்றுகோலோடதான் போனாள்.

அது வெறும் பிரேக். மோதல் எண்டால் கணக்கு வேற. மணிக்கு 50 கிலோமீற்றரில் போற வாகனம் சட்டென்று நின்றால், உள்ளே கட்டாமல் கிடக்கும் பொருள் அதே வேகத்தில் தொடர்ந்து போகும். அந்த வேகம், கிட்டத்தட்ட 10 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகம். 80 கிலோமீற்றர் எண்டால் 25 மீற்றர் உயரம். 13 கிலோ ஹை-லிஃப்ற்றை மூன்றாம் மாடியிலிருந்து ஒருவரின் தலைக்கு மேல் போடுவமா? மாட்டம். ஆனால் சீட்டுக்குப் பின்னால சும்மா சாத்தி வைப்பம்.

போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் கோடரியும் மண்வெட்டியும் ஓட்டுநர் பக்கத்து வெளிச்சுவரில் பட்டியும் பிடியும் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். கொனெஸ்டோகா வண்டிப் பெட்டியின் அதே பழக்கம்தான். இப்போ வாற வாகனங்களிலும் ஜெக்குக்கு ஒரு குழி இருக்கு. பலவற்றில் ஜெக்கை அந்தத் தாங்கிக்குள் வைத்துத் திருகாணியைக் கொஞ்சம் விரித்தால் அது தானே இறுகி நிற்கும். கையால ஆட்டிப் பார்த்து அசையாமல் இருந்தால் சரி.

எண்ணெய் நிரப்பிய போத்தல் ஜெக்கை, முசலத்தை முழுதாய் இறக்கி, வால்வைப் பூட்டி, நிமிர்த்தி வைக்கவேணும். சரிச்சுப் போட்டால் எண்ணெய் கசியும், காற்றும் ஏறும். ஹை-லிஃப்ற்றை உருக்குச் சட்டகத்தோட நட்டு போட்டு இறுக்கவேணும். கொக்கி வைச்ச இறப்பர் கயிறு காணாது. மோதலில் 13 கிலோ ஜெக் 180 கிலோவுக்கும் மேலான பலத்தோட இழுக்கும். பொனற்றுக்கு மேல வைச்சால் ஓட்டுநரின் பார்வையை மறைக்கும், பாதசாரிக்கு அடிக்கும். கூரையில் வைச்சால் வாகனத்தின் பாரம் மேல போகும். பின்கதவு மாற்றுச்சில்லுத் தாங்கியோ உட்பக்கத் தரையோ நல்லது. வெளியில் இருந்தால் ஆணிப் பகுதிக்கு உறை போட்டு, அடிக்கடி கழுவி, மெல்லிய எண்ணெய் விடவேணும். எங்கட கடற்கரை உப்புக் காற்றில் பூட்டும் நட்டும்கூடத் துருப்பிடித்துக் கழற்ற ஏலாமல் போகும். கைபிடி தனியாய் ஆடாமல் பிடி போடவேணும்.

இன்னுமொன்று. கட்டி வைக்கிற இடம் எடுக்கக்கூடிய இடமாயும் இருக்கவேணும். வாகனம் ஒருபக்கம் சரிஞ்சு, பொதிகள் நிரம்பி, இருட்டில நிக்கேக்கதான் ஜெக் தேவைப்படும். எல்லாப் பொதிக்கும் அடியில இருந்தால், அவசரத்தில எடுத்த பிறகு ஒருவரும் திருப்பிப் பூட்டமாட்டினம். எங்களுக்கு நடந்ததும் அதுதான்.

இப்போ பயணம் வெளிக்கிட முதல் எங்களுக்கு ஒரு வேலை இருக்கு. வீட்டு முற்றத்தில ஒருக்கால் ஜெக் அடிச்சுப் பார்க்கிறம். பிறகு பூட்டி, ஆட்டிப் பார்க்கிறம். கடைசியா ஆட்டிப் பார்க்கிறது எப்பவும் எங்கட தோழிதான். அவள் "சரி" எண்டால்தான் ஜீப் ஸ்ராட் ஆகும். அந்த ஐயா தந்த பலகையை நாங்கள் திருப்பிக் கொடுக்கேல்ல. அது ஜெக்குக்குப் பக்கத்தில ஒரே பட்டியில இறுகிக் கிடக்குது.